உதடு மரத்திருக்கும் என்று யாரும் சொல்லவில்லை

பல் எடுத்த பிள்ளை மயக்கம் தெளிந்து கண் திறந்ததும் ஆயாம்மா முதலில் செய்வது, அதன் கையைப் பிடித்து அதன் உதட்டின் மேலேயே வைப்பதுதான். "தா பாரு, இங்கதான் கீது உன் உதடு. எங்கியும் ஓடிப்போவல. கடிக்காம இரு, இன்னா?" என்பார். பிறகு தாயின் பக்கம் திரும்பி, "சாயங்காலம் வரைக்கும் இது வாய்மேலயே ஒரு கண்ணு வெச்சுக்கோம்மா" என்பார். அவ்வளவுதான் அவருடைய வைத்தியம்.

தொண்ணூறுகளில் தி. நகரில் ஒரு சிறிய நர்ஸிங் ஹோமில் நான் நர்ஸ். சனிக்கிழமை காலைகளில் குழந்தைகளுக்கு முழு மயக்கம் கொடுத்துச் சொத்தைப் பற்களை எடுப்பார்கள். பிள்ளை தூங்கும்போதே பெரிய டாக்டர் ஈறில் மரத்துப்போகும் ஊசியும் போட்டுவிடுவார், விழித்ததும் வலி தெரியாமல் இருக்கட்டும் என்று. நல்ல காரியம்தான், அதில் குறை சொல்ல மாட்டேன். ஆனால் உதடும் சேர்ந்து இரண்டு மூன்று மணி நேரம் மரத்துக் கிடக்குமே! உதட்டையே காணோம் என்று சில பிள்ளைகள் அலறும். சில பிள்ளைகள் விளையாட்டாக அதை மென்றுகொண்டே இருக்கும். வலித்தால்தானே நிறுத்துவதற்கு? இதைப் பெற்றவர்களிடம் சொல்ல அந்த மனிதருக்கு என்ன கேடு? "சொன்னா ஆயிரம் கேள்வி கேப்பாங்க சிஸ்டர். ஐஸ்கிரீம் குடுக்கச் சொல்லி அனுப்புங்க, போதும்" என்பார். நாங்களும் அப்படியே அனுப்பினோம்.

ஒரு நாள் ஆயாம்மா ஒரு தாயிடம் பேசியது டாக்டர் காதில் விழுந்துவிட்டது. "பெருக்க வந்தவங்க வைத்தியம் சொல்ல வேணாம்" என்று எல்லார் முன்னாலும் எரிந்து விழுந்தார். அன்றே ஆயாம்மாவை மாடியில் துணி துவைக்கும் வேலைக்கு மாற்றிவிட்டார்கள்.

அடுத்த சனிக்கிழமை கோடம்பாக்கத்திலிருந்து வந்த ஐந்து வயதுச் சிறுமிக்குப் பல் எடுத்தோம். திங்கட்கிழமை அவள் அம்மா அவளைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தாள். கீழுதடு வீங்கித் தொங்கியது, உள்பக்கம் மஞ்சளாய்ப் படிந்திருந்தது. சீழ் பிடித்துவிட்டது என்று அந்த அம்மா நடுங்கினாள். டாக்டருக்குப் பார்த்த உடனே புரிந்துவிட்டது.

"உதட்டக் கடிச்சு வெச்சிருக்கா. வீட்ல என்னம்மா பண்ணிட்டிருந்தே? ஒரு பிள்ளையப் பாத்துக்கத் துப்பில்லையா?"

"அன்னிக்கி வூட்டுக்குப் போறப்ப பஸ்ல சிரிச்சுக்கினே வந்தா சார். வாய மென்னுக்கினு இருந்தா. நான்தான் கண்டுக்காம வுட்டேன். தப்பு என்னுதுதான் சார்" என்று அவள் கும்பிட்டாள்.

கும்பிட்டாள்! யார் செய்த தப்புக்கு யார் கும்பிடுவது? நினைத்தால் இன்றும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. பஞ்சுத் தட்டை ஏந்திக்கொண்டு பக்கத்திலேயே நான் நின்றேன். என் வாயில் என்ன கொழுக்கட்டையா இருந்தது? வேலை போய்விடுமோ என்ற பயம், வேறொன்றும் இல்லை.

மாடிக்குப் போய் ஆயாம்மாவிடம் சொன்னேன். டாக்டரைத் திட்டித் தீர்ப்பார் என்று எதிர்பார்த்தேன்.

"அந்தாளு அப்டித்தான். நீ சொன்னியா சிஸ்டர், அந்தம்மாவாண்ட? உம்மேல தப்பு இல்லன்னு?"

இல்லை என்று தலையாட்டினேன்.

"ஓடு. பஸ் ஸ்டாப்லதான் நின்னுக்கினு இருக்கும்."

எனக்கு டியூட்டி இருக்கிறது என்றேன். ஆயாம்மா என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டுத் துணியை அலச ஆரம்பித்தார். அதன் பிறகு அவர் என்னிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை.

சென்ற மாதம் என் தங்கையின் பேரனுக்கு அடையாற்றில் இதே சிகிச்சை நடந்தது. அங்கிருந்த சின்ன டாக்டரம்மா உதட்டைப் பற்றி மூன்று முறை சொன்னாள், அச்சடித்த தாளும் கொடுத்தாள். அந்தத் தாளில் உதட்டைப் பற்றி இருந்தது ஒரே ஒரு வரி. இந்த ஒரு வரியைச் சொல்லத்தானா எங்களுக்கு அன்று வாய் வரவில்லை!

அந்தச் சிறுமியின் உதடு பத்து நாளில் ஆறியிருக்கும், தழும்புகூட இருக்காது. அவளுடைய அம்மாதான், தான் கவனிக்காமல் விட்டதால் வந்தது என்று இன்றைக்கும் யாரிடமாவது சொல்லிக்கொண்டிருப்பாள்.