பத்தாவது கோடு

என் அக்காவின் கணவருக்குப் பொய் சொல்ல வராது என்று தெரிந்தவர்கள் எல்லாம் பெருமையாகப் பேசுவார்கள். எனக்கு அதைக் கேட்டாலே பற்றிக்கொண்டு வரும். அப்படிப்பட்டவரோடு குடும்பம் நடத்திப் பார்த்தவளைக் கேட்க வேண்டும். கல்யாணமான புதிதில் அக்கா முதல்முறையாகச் சமைத்துப் போட்டுவிட்டு எப்படி இருக்கிறது என்று கேட்டாள். "உப்பு கால் ஸ்பூன் கூடிப்போச்சு" என்றார். அளந்து பார்த்திருந்தால் சரியாகக் கால் ஸ்பூன்தான் கூடியிருக்கும்.

ஸ்பிரிங் தொழிற்சாலையில் பத்தொன்பது வருடமாக அவருக்குச் சோதனை மேசைதான். ஸ்பிரிங்கின் ஒரு கொக்கியை மேசையிலும் மறு கொக்கியை ஒரு நெம்புகோலிலும் மாட்டி, குறிவரைக்கும் கையால் இழுக்க வேண்டும். எத்தனை கிலோ விசை பிடித்தது என்று முள் காட்டும். அந்தக் கிலோவை நீட்டிய தூரத்தால் பெருக்கிப் பாதியாக்கினால், அந்த ஸ்பிரிங்கை நீட்டச் செய்த வேலை கிடைக்கும். அதை ஒரு அட்டையில் எழுதிக் கட்டுவார். ஒரு நாளைக்கு நூறு ஸ்பிரிங். கூட வேலை செய்தவர்கள் அவருக்கு வைத்த பெயர் தராசு.

ஒரு நாள் மத்தியானம் கொக்கி ஒன்று முறிந்தது. நீண்டிருந்த ஸ்பிரிங் பாய்ந்து வந்து அவருடைய வலது மணிக்கட்டில் அடித்தது. மூன்று மாதம் கட்டுப் போட்டிருந்தார்கள். கட்டைப் பிரித்தபோது விரல்கள் மடங்கின, ஆனால் பிடி இல்லை. தண்ணீர்ச் செம்பைத் தூக்கினால் பாதி தரையில் கிடக்கும்.

அடிபட்டவர்களைப் பழைய வேலைக்கு அனுப்பலாமா, உட்கார்ந்து பார்க்கும் வேலை கொடுக்க வேண்டுமா என்று முடிவு செய்யும் மருத்துவ அலுவலகத்தில்தான் நான் குமாஸ்தா. கைக்கான சோதனை ரொம்பச் சுலபம். சுவரில் ஒரு ஸ்பிரிங், பக்கத்தில் சென்டிமீட்டருக்கு ஒன்றாக இருபது கோடுகள். ஒரு கோடு நீட்ட ஒரு கிலோ, இரண்டு கோடு நீட்ட இரண்டு கிலோ, இப்படியே இருபதுவரைக்கும். பத்தாவது கோட்டைத் தொட்டால் பாதித் திறன் இருக்கிறது, பழைய வேலைக்குப் போ என்று அர்த்தம். தொடாவிட்டால் தொழிற்சாலை வாசலில் நாற்காலி போட்டு, வருகிறவர் போகிறவர் பெயரை எழுதும் வேலை. அந்த நாற்காலி அப்போது காலியாகத்தான் இருந்தது.

சோதனைக்குக் கிளம்பும்போது அக்கா அவர் சட்டைக்குப் பொத்தான் போட்டுவிட்டாள். "ஏழாவது கோட்டுல நிறுத்திடுங்க. இதுவரைக்கும் உங்ககிட்ட நான் எதுவும் கேட்டதில்ல" என்றாள்.

வழியில் நானும் சொல்லிப் பார்த்தேன். "அத்தான், வலிக்குதுன்னு விட்டுடுங்க. யாரும் கேக்கப் போறதில்ல."

"வலிக்குறதுக்காக விடணும்னா மூணுலயே விடணும் மாப்ள."

அலுவலகத்தில் டாக்டர் முன்னால் நின்று இழுத்தார். மூன்று, ஐந்து, ஏழு. நான் இருமினேன். என்னைத் திரும்பிப் பார்த்துவிட்டு மேலும் இழுத்தார். முகமெல்லாம் வியர்வை. பத்தாவது கோட்டில் வந்து நின்றது. அதற்குமேல் ஒரு மயிரிழை நகரவில்லை. எனக்கு அவரை அறையலாம் போல இருந்தது.

"பத்து. பாதி இருக்கு. ஐம்பது சதவீதம்னு எழுதிக்கோப்பா" என்றார் டாக்டர்.

"பாதி இல்லீங்க டாக்டர், கால்தான்" என்றார் அத்தான்.

"இருபதுல பத்து பாதிதானே?"

"தூரம் பாதி. வேலை கால்." என் மேசையிலிருந்து ஒரு தாளை எடுத்து, இடது கையால் கோணல்மாணலாக ஒரு முக்கோணம் போட்டார். "நீள நீள ஸ்பிரிங் முரண்டு பிடிக்கும். முதல் பத்து கோட்டுல பூஜ்யத்துல ஆரம்பிச்சு பத்து கிலோவுல முடியுது. சராசரி அஞ்சு. அஞ்சைப் பத்தால பெருக்குனா ஐம்பது. முழுசா இருபது இழுத்தா சராசரி பத்து, தூரம் இருபது, இருநூறு வந்துடும். ஆக, பின்னாடி இருக்குற பத்துக்கு மட்டும் நூத்தி ஐம்பது வேணும். அந்த நூத்தி ஐம்பதுதான் என் கையில இல்ல."

டாக்டர் அந்தத் தாளை ரொம்ப நேரம் பார்த்தார். கெட்ட மனிதர் இல்லை. அவருக்குப் புரிந்தது என்றுதான் நினைக்கிறேன்.

"நீங்க சொல்றது சரியா இருக்கலாம். ஆனா படிவத்துல தூரத்துக்குத்தான் கட்டம் இருக்கு. வேலைக்குக் கட்டம் இல்லையே" என்றார்.

அந்த நேரத்தில் நான் பேனாவைக் கீழே வைத்திருக்கலாம். எழுத மாட்டேன் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். என் வேலை போய்விடுமோ என்று பயம். ஐம்பது என்று எழுதினேன்.

வீட்டில் அக்கா அழவில்லை. அடுப்பைப் பார்த்துக்கொண்டே என்னிடம் சொன்னாள். "ரெண்டு உண்மையைச் சொல்லியிருக்காரு. அவங்களுக்கு வேண்டியதை மட்டும் எடுத்துக்கிட்டாங்க."

பழைய மேசைக்கே போனார். பாதிக் குறிவரைக்கும் வலது கை இழுக்கும். அதற்குமேல் இடது கையையும் சேர்த்து, முட்டியை மேசைக்கு முட்டுக் கொடுத்து, உடம்பையே சாய்த்து இழுப்பார். முகம் ஸ்பிரிங்குக்கு நேராக வந்துவிடும். அப்படி இருபத்திரண்டு நாள் ஓட்டினார். இருபத்து மூன்றாவது நாள் காலையில் பிடி நழுவியது. கொக்கி இடது கண்ணில் பாய்ந்தது.

இரண்டு மாதம் கழித்து மறுபடியும் அதே அறை. அதே டாக்டர், அதே படிவம், அதே நான். டாக்டர் வலது கண்ணில் விளக்கடித்துப் பார்த்தார். சுவரில் இருந்த எழுத்துகளை வாசிக்கச் சொன்னார். கடைசி வரிவரைக்கும் அத்தான் தப்பில்லாமல் வாசித்தார்.

"ரெண்டுல ஒண்ணு நல்லா இருக்கு" என்றார் டாக்டர். பிறகு எங்கள் யாரையும் பார்க்காமல், "பாதி" என்றார்.

என் கை எழுதவில்லை. அத்தான் ஏதாவது சொல்லட்டும், மறுபடி ஒரு முக்கோணம் போடட்டும் என்று காத்திருந்தேன். வெற்றுத் தாளைக்கூட அவர் பக்கம் நகர்த்தி வைத்தேன். அவர் அதைத் தொடவில்லை.

"எழுது மாப்ள. இந்தத் தடவை கணக்கு சரிதான்."

எழுதினேன். அத்தான் இடது கையால் கையெழுத்துப் போட்டுவிட்டு, எந்தத் தேதியிலிருந்து வேலைக்குப் போக வேண்டும் என்று டாக்டரிடம் கேட்டார்.