தம்போய் வீட்டில் ஓர் இரைச்சல்

கிரகோரிக்குப் பாட்டு பிடிக்கும். அதைவிட, பாட்டு தொடங்குவதற்கு முன்னால் உள்ள அமைதி பிடிக்கும். சிங்கப்பூருக்குப் போகும் பாலத்துக்கு இந்தப் பக்கம் உள்ள தம்போயில், ஒரு பஸ் பட்டறையில் அவருக்கு வயரிங் வேலை. பகல் முழுக்க இன்ஜின் உறுமலும் காற்று பிரேக்கின் சீறலும் காதில் விழுந்துகொண்டே இருக்கும். மாலையில் குளித்துவிட்டு ஹாலில் வந்து உட்காரும்போது, வயலின்காரர் வில்லைத் தந்தியில் வைப்பதற்கு முன் உள்ள ஒரு கணமாவது ஒன்றுமே இல்லாமல் இருக்க வேண்டும் என்று நினைப்பார். அவர் கேட்டது அவ்வளவுதான். அதுதான் கிடைக்கவில்லை.

அவர் கையால் கட்டிய பெட்டியில் ஓர் இரைச்சல் இருந்தது. கணினியில் வெறும் எண்களாகக் கிடக்கும் பாட்டை, ஒலிபெருக்கி புரிந்துகொள்ளும் மின் அலையாக மாற்றித் தரும் பெட்டி அது. இந்தப் பித்து பிடித்தவர்கள் அதை ‘டேக்’ என்பார்கள். சில்லுகளைத் தபாலில் வரவழைத்து, கழித்துப் போட்ட பஸ் ஒன்றின் தகட்டை வெட்டி உறை செய்து, ஓய்வு நாட்களில் அவரே பற்றவைத்தது. பாட்டு ஓங்கி ஒலிக்கும்போது இரைச்சல் தெரியாது. பாடுகிறவர் மூச்சு வாங்கும் இடத்தில், கண்ணாடிச் சன்னலில் ஈ ஒன்று மோதிக்கொண்டிருப்பதைப்போல மெல்லிய ரீங்காரம் எழும். மனைவி லூசிக்கு அது கேட்டதே இல்லை. தமக்கு மின்விசிறிச் சத்தம்தான் கேட்கிறது, அதற்கும் ஏதாவது மருந்து இருந்தால் செய்யலாம் என்பார்.

கிரகோரி இரைச்சலை ஒரு நோயைப்போல விசாரித்தார். உள்ளே ஓடிய கம்பிகளைக் குறுக்கினார். ‘எர்த்’ எனப்படும் தரைக் கம்பிகள் எல்லாவற்றையும் ஒரே புள்ளியில் கொண்டுவந்து முடிந்தார். மின்மாற்றியைக் கையில் பிடித்துச் சிறிது சிறிதாகத் திருப்பி, எந்தக் கோணத்தில் அதன் முனகல் குறைகிறது என்று பார்த்து அங்கேயே திருகி இறுக்கினார். முனகல் போனது. ரீங்காரம் போகவில்லை.

இதில் கவனிக்க வேண்டியது அவருடைய விடாமுயற்சி அல்ல. விடாமுயற்சி பிடிவாதக்காரர்களுக்கும் உண்டு. கிரகோரி தம் காதையே நம்பவில்லை என்பதுதான் விஷயம். பணம் போட்டு, ஒரு ஞாயிற்றுக்கிழமையைப் போட்டு ஒரு மாற்றம் செய்தால், அது நன்றாக இருப்பதாகத்தான் காது சொல்லும். அதனால் பழைய இணைப்பையும் புதிய இணைப்பையும் ஒரு சுவிட்சில் சேர்த்து, அதன் மேல் துணியைப் போட்டு மூடி, லூசியை மாற்றி மாற்றிப் போடச் சொல்வார். எது ஓடுகிறது என்று தெரியாமல் கேட்டு, வித்தியாசம் சொல்ல முடிந்தால்தான் அந்த மாற்றத்துக்கு மதிப்பு. நண்பர்கள் வாட்ஸ்அப் குழுவில் ஆளாளுக்குப் புகழ்ந்த விலையுயர்ந்த மின்தேக்கிகளை ஒரு முறை வாங்கிப் போட்டார். துணிச் சோதனையில் தோற்றார். மறுநாளே கழற்றி, பொந்தியான் ஊரில் இருக்கும் குழு நண்பர் குணாளனுக்கு அனுப்பிவிட்டு, தமக்கு வித்தியாசம் தெரியவில்லை என்று குழுவில் எழுதினார். சிலருக்குக் கோபம். தாம் வாங்கிய பொருளை வீண் என்று தாமே சொல்லும் மனிதர் குறைவு என்பதை மட்டும் இங்கே சொல்லி வைக்கலாம்.

இப்படிப்பட்டவர் ஒரே ஒரு முறை சோதனையை விட்டுவிட்டார். அதுவும் ஆண்டவர் சிலுவையில் இறந்த பெரிய வெள்ளிக்கிழமையில்.

வியாழன் மாலை பூசைக்குப் புறப்படுவதற்கு முன்னால், பெட்டிக்குப் போகும் மின்னழுத்தத்தை ஆடாமல் வைத்திருக்கும் புதிய சீராக்கி ஒன்றை அவசரமாகப் பொருத்தியிருந்தார். வெள்ளி காலையில் அதைப் போட்டுப் பார்க்கக் கை பரபரத்தது. அன்று அவர்கள் வீட்டில் பாட்டு கிடையாது, தொலைக்காட்சி கிடையாது, ஒரு வேளைக் கஞ்சி மட்டும். கிரகோரி பெட்டியின் முன்னால் உட்காருவதைப் பார்த்து லூசி வாசலிலேயே நின்றுவிட்டார்.

“இன்னைக்குப் போய் பாட்டாங்க?”

“பாட்டு போடல லூசி. பாட்டு இல்லாதப்ப எப்படி இருக்குன்னுதான் பாக்கிறேன்.”

அதில் என்ன பாவம் என்று லூசிக்கும் சொல்லத் தெரியவில்லை. அடுப்படிக்குப் போய்விட்டார். கிரகோரி சுவிட்சைப் போட்டார். ஒன்றும் இல்லை. ஒலியளவைக் கடைசிவரை திருகினார். அப்போதும் ஒன்றும் இல்லை. ஒலிபெருக்கி செத்துவிட்டதோ என்று அதன் மேல் காதை வைத்தார். மூடிய கிணற்றுக்குள் காதை வைத்ததுபோல இருந்தது. மகிழ்ச்சி அடையக் கூடாத ஒரு நாளில் அவருக்கு அப்படி ஒரு மகிழ்ச்சி வந்தது. நோன்பில் இருக்கும் லூசியைக் கூப்பிட்டுத் துணியையும் சுவிட்சையும் பிடிக்கச் சொல்ல மனம் வரவில்லை. புதிய சீராக்கியால் இரைச்சல் ஒழிந்தது என்று குழுவில் எழுதிவிட்டார்.

பெர்மாஸ் ஜெயாவில் மருந்துக்கடை வைத்திருக்கும் தேவானந்தனும் இதேபோன்ற பெட்டியைக் கட்டியிருந்தார். கிரகோரி சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று, சனிக்கிழமையே அதே சீராக்கியை வாங்கி மாட்டிவிட்டார். ஞாயிறன்று, ஈஸ்டர் சாப்பாட்டுக்கு அழைத்திருந்ததால், அந்த அமைதியையும் கேட்டுவிட்டுப் போகலாம் என்று தட்டோடு ஹாலில் வந்து உட்கார்ந்தார். கிரகோரி சுவிட்சைப் போட்டார்.

ஈ திரும்ப வந்திருந்தது.

தேவானந்தன் தலையைச் சாய்த்துக் கேட்டுவிட்டுச் சொன்னார். “வெள்ளிக்கிழமை செத்துப் போச்சுன்னு எழுதினீங்க. ஞாயித்துக்கிழமை எழுந்திரிச்சிருச்சே, லா.”

முதலில் சிரித்தது லூசிதான். ஈஸ்டர் அன்று இந்த வீட்டில் இதைச் சொல்ல ஓர் இந்துவுக்குத்தான் துணிச்சல் வரும் என்று சொல்லிவிட்டு, தேவானந்தன் தட்டில் இன்னும் ஒரு துண்டு கோழி வைத்தார். கிரகோரியும் சிரித்தார். ஆனால் சாப்பாட்டில் கவனம் இல்லை. கை கழுவியதும் கைப்பேசியை எடுத்து, சீராக்கி பற்றி நான் எழுதியது தவறு, சோதிக்காமல் சொல்லிவிட்டேன், யாரும் வாங்க வேண்டாம் என்று எழுதினார். இரண்டு நாள் பொறுத்து, காரணம் தெரிந்த பிறகு எழுதினால் மானம் போகாதே என்றார் தேவானந்தன். அதற்குள் இன்னும் யாராவது கடைக்குப் போய்விடுவார்கள் என்று மட்டும் கிரகோரி பதில் சொன்னார்.

விருந்தாளி போன பிறகு யோசித்தார். வெள்ளிக்கும் ஞாயிறுக்கும் இந்த வீட்டில் என்ன மாறியது? குளிர்சாதனப் பெட்டி அன்றும் ஓடியது. மின்விசிறியும் ஓடியது. சென்ற மாதம் இவற்றையெல்லாம் ஒவ்வொன்றாக அணைத்துப் பார்த்திருக்கிறார். குழல்விளக்கு, இணையப் பெட்டி, சோறு வேகும் மின்சட்டி, எதையும் விடவில்லை. அப்போதுதான் ஹாலின் மூலையில் இருந்த பீடத்தின் மேல் கண் போனது. திரு இருதயப் படத்துக்கு முன்னால் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

மகள் ஜோஆன் குறை மாதத்தில் பிறந்து, ஆஸ்பத்திரியில் கண்ணாடிப் பெட்டிக்குள் கிடந்தபோது லூசி நேர்ந்துகொண்ட விளக்கு அது. ஜோஆன் இப்போது தினமும் பாலம் தாண்டிச் சிங்கப்பூருக்கு வேலைக்குப் போகிறாள். விளக்கு அணைந்ததில்லை. ஆண்டுக்கு ஒரு முறை மட்டும், புனித வியாழன் பூசை முடிந்து கோயிலில் நற்கருணை விளக்கை அணைப்பதுபோல, லூசியும் வீட்டில் அணைப்பார். சனிக்கிழமை இரவுத் திருவிழிப்புப் பூசையிலிருந்து வந்து ஏற்றுவார். அப்படி அணைந்திருந்த ஒரு சனிக்கிழமையில்தான் கிரகோரி பழைய குண்டு பல்பைக் கழற்றிவிட்டு, ஒரு சின்ன எல்இடியையும் கடையில் கிடைத்த மலிவான அடாப்டரையும் மாட்டியிருந்தார்.

தாமே மாட்டியது. ஆனாலும் வீட்டு மின்சாதனங்களை ஒவ்வொன்றாக அணைத்தபோது, இதை அவர் கணக்கில் சேர்க்கவே இல்லை. மறந்தார் என்று சொல்ல முடியாது. தினமும் அதன் முன்னால்தான் முழங்காலிடுகிறார். சுவரில் செருகி எரியும் ஒரு பொருளாக அது அவருக்குத் தோன்றவில்லை. மனிதன் எல்லாவற்றையும் சந்தேகிக்கப் புறப்பட்டாலும், தான் வணங்கும் இடத்தைச் சுற்றிக்கொண்டுதான் போகிறான். அதைக் குறை என்று சொல்லவும் தயக்கமாக இருக்கிறது.

அணைத்துப் பார்த்தால் ஒரு நொடியில் தெரிந்துவிடும். லூசி குளித்துக்கொண்டிருந்தார். கிரகோரி அணைக்கவில்லை. அலமாரியிலிருந்து சின்ன ரேடியோ ஒன்றைக் கொண்டுவந்து, மீடியம் வேவில் நிலையம் எதுவும் இல்லாத இடத்தில் வைத்து, அடாப்டர் பக்கத்தில் கொண்டுபோனார். ரேடியோ சீறியது. தள்ளிப் பிடித்தார், அடங்கியது. மறுபடியும் பக்கத்தில் கொண்டுபோனபோது லூசி பின்னால் நின்றிருந்தார்.

“பூச்சியை எங்க புடிச்சிட்டீங்கன்னு புரியுது,” என்றார் லூசி. “இத்தனை நாளா சாமி மேலயா குத்தம்?”

“சாமி மேல இல்ல. அடாப்டர் மேல. வாங்கிப் போட்டவன் மேல.”

லூசி பீடத்தையும் பெட்டியையும் மாறி மாறிப் பார்த்தார். கணவர் இந்த இரைச்சலோடு எத்தனை மாலைகள் மல்லுக்கட்டினார் என்பது அவருக்குத்தான் தெரியும். கொஞ்சம் கஷ்டப்பட்டுத்தான் சொன்னார். “நீங்க கேக்கிறப்ப மட்டும் நிறுத்திக்கலாம். ஒரு மணி நேரந்தானே. ஆண்டவர் கோவிச்சுக்க மாட்டாரு.”

கிரகோரி ரேடியோவை அணைத்துக் கீழே வைத்தார்.

“அன்னைக்கு ஆஸ்பத்திரில நீ மட்டுமா நேர்ந்துக்கிட்ட? நானும் பக்கத்துலதான் நின்னேன்.”

அதற்கு மேல் அந்தப் பேச்சு இல்லை. பெட்டியின் அடுத்த மேம்பாட்டுக்காக ஒரு நல்ல மின்மாற்றியும் வடிகட்டும் பாகங்களும் அவரிடம் இருந்தன. எண்களைக் கையாளும் பகுதிக்கு ஒன்றும் இசையைக் கையாளும் பகுதிக்கு ஒன்றும் என்று மின்சாரத்தைத் தனித்தனியாகப் பிரித்துக் கொடுப்பதாகத் திட்டம். அந்தப் பாகங்களை எடுத்து விளக்குக்கு ஒரு மின்வழங்கி கட்டினார். பெட்டிக்குக் காட்டிய கவனத்தில் துளியும் குறையாமல் கட்டினார். மாற்றும்போது விளக்கு அணையக் கூடாது. அதனால் ஜோஆனின் பவர் பேங்கை முதலில் விளக்கோடு இணைத்து, அதன் பிறகு அடாப்டரைப் பிடுங்கி, புதியதை மாட்டி, கடைசியாகப் பவர் பேங்கை எடுத்தார். லூசி விளக்கிலிருந்து கண்ணை எடுக்காமல் நின்றார். ஒரு சிமிட்டல்கூட இல்லை என்று சான்று சொன்னார்.

பெட்டியைப் போட்டபோது வெள்ளிக்கிழமையின் அமைதி அப்படியே திரும்ப வந்திருந்தது. ஒரு வயலின் பதிவைப் போட்டார். முதல் சுரத்துக்கு முன்னால், வாசிப்பவர் நாற்காலியில் அசைவதுகூடக் கேட்டது. லூசி அதைக் கேட்டுவிட்டு, யாரோ வீட்டுக்குள் வந்துவிட்டார்கள் என்று திரும்பிப் பார்த்தார். கிரகோரிக்கு அதுவே போதுமான பாராட்டு.

குழுவில் நடந்ததை நடந்தபடி எழுதினார். பெட்டியில் செய்த மேம்பாடு ஒன்றும் இல்லை, விளக்கில் செய்தது ஒன்று. தேவானந்தன் உடனே தம் வீட்டுச் சாமியறைக்கு ரேடியோவைத் தூக்கிக்கொண்டு போனதாக எழுதினார். பொந்தியானிலிருந்து குணாளனும் எழுதினார். அவர் வீட்டு முருகன் படத்தைச் சுற்றிச் சீரியல் பல்பு ஓடுகிறது, அதன் பக்கத்தில் ரேடியோ கத்துகிறது, அம்மாவிடம் சொல்லி அதை நிறுத்திவிடச் சொல்லட்டுமா என்று கேட்டிருந்தார்.

கிரகோரி அந்தக் கேள்வியை இரண்டு முறை படித்தார். பிறகு எழுதினார்: “அம்மாகிட்ட ஒண்ணும் சொல்லாதீங்க. எரியட்டும். சனிக்கிழமை நான் வர்றேன்.”