நீளம் போதாத நான்கு போல்ட்டுகள்

எழுபதுகளின் கடைசியில் ஒரு வைகாசி மாதம், உழுதுகொண்டிருக்கும்போதே எங்கள் டிராக்டரின் எஞ்சின் இறுகி நின்றுவிட்டது. ஒரு வருடமாகவே புகை கக்கிக்கொண்டிருந்தது. பார்க்கலாம் பார்க்கலாம் என்று தள்ளிப் போட்டதன் பலன். அண்ணனும் நானும் ஒன்றாக விவசாயம் பார்த்த காலம் அது. திருச்செங்கோட்டிலிருந்து நாமக்கல் போகும் வழியில் கடலையும் சோளமும் போடுகிற மேட்டுக்காடு. வண்டி ஓட்டுவது நான். எப்போது, எங்கே ஓட்டுவது என்பதெல்லாம் அண்ணன்.

எஞ்சினைப் பிரித்துக் கட்ட திருச்செங்கோட்டிலிருந்து ஒரு மெக்கானிக்கைக் கூட்டி வந்தோம். ஆழ்துளைக் கிணறு போடும் போர் லாரிகளின் எஞ்சின்கள் பார்ப்பவர். என்னைவிட மூன்று நான்கு வயது மூத்தவராக இருப்பார். பேச்சு குறைவு. தானே வெல்டிங் அடித்துச் செய்த ஒரு ஸ்டாண்டையும் கொண்டுவந்திருந்தார். அகலக் கால்களின் மேல் ஒரு தூண், தூணின் தலையில் ஒரு தடித்த இரும்புத் தட்டு. அந்தத் தட்டோடு எஞ்சினின் பின்பக்கத்தை நான்கு போல்ட் போட்டு முறுக்கிவிட்டால் எஞ்சின் தரையைத் தொடாமல் நிற்கும். ஒரு பின்னை உருவிவிட்டு அதைத் தலைகீழாகக்கூடத் திருப்பிக்கொள்ளலாம். அந்த ஸ்டாண்டைப் பார்த்து எனக்கு ஆச்சரியமாக இருந்தது. அவருக்கும் அதில் ஒரு பெருமை இருந்தது. வெல்டிங் ஓடிய இடங்களைத் துணியால் துடைத்துவிட்டே எங்களுக்குக் காட்டினார்.

முதல் நாள் முழுவதும் எஞ்சினை வண்டியிலிருந்து பிரித்தெடுப்பதில் போனது. டிராக்டர் கொட்டகையில் மூன்று குழாய்களை நிறுத்தி, அவற்றின் உச்சியில் செயின் பிளாக் மாட்டி, எஞ்சினைத் தூக்கி, பழைய லாரி டயர்களின் மேல் இறக்கினோம். பிறகு அவர் ஸ்டாண்டை அருகில் தள்ளிவந்து, கழற்றிய போல்ட் ஒன்றைத் தட்டின் துளையில் விட்டுப் பார்த்தார். உடனே வெளியே எடுத்துவிட்டார்.

"இது ஆவாதுங்க," என்றார். "வண்டியில மாட்டியிருந்த எடம் கனம் கம்மி. என்ற ஸ்டாண்டோட தட்டு கனம் ஜாஸ்தி. இந்த போல்ட்டைப் போட்டா எஞ்சினுக்குள்ள மூணு சுத்து மரைதான் புடிக்கும். முந்நூறு கிலோவுக்கு மேல இருக்குதுங்க. பத்து மரையாச்சும் உள்ள போவோணும்."

தன்னிடமிருந்த லாரி போல்ட்டுகளையும் வைத்துப் பார்த்தார். மரை சேரவில்லை.

"காலையில சேலம் போயி நீள போல்ட்டு வாங்கிட்டு வாரேன். அதுவரைக்கும் எஞ்சின் டயர் மேலயே இருக்கட்டுங்க. தொடாதீங்க."

அன்று சாயங்காலம் நல்ல மழை பெய்தது. மறுநாள் காலையில் சுற்றிலும் டிராக்டர்கள் ஓடும் சத்தம். அண்ணனுக்கு இருப்புக் கொள்ளவில்லை. வரப்பு வரை போவார், திரும்பி வருவார், டயர் மேல் கிடந்த எஞ்சினைப் பார்ப்பார்.

"ஈரம் காயறதுக்குள்ள உழுவோணும். இந்த ஆளு போல்ட்டு வாங்க ஒரு நாளா?" என்றார். பிறகு என்னிடம், "ஏன்டா, இத்தன வருசம் இந்த எஞ்சினைப் புடிச்சுட்டிருந்தது இதே போல்ட்டுதானே?"

"மூணு மரைதான் புடிக்குமுன்னாருங்களே."

"இறுக்கி முறுக்குனா எல்லாம் நிக்கும். ஏத்தி வெச்சுட்டா வந்ததும் வேலைய ஆரம்பிச்சுருவாரு."

அண்ணன் பேச்சை மறுத்துப் பேசி எனக்குப் பழக்கமில்லை என்று பல வருடங்கள் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். அது பாதிதான் உண்மை. எஞ்சினை நாமே ஏற்றிவிட முடியும் என்று காட்டிக்கொள்ளும் ஆசை எனக்கும் இருந்தது. நான் செயினை இழுத்தேன். அண்ணன் துளைகளை நேர் பார்த்தார். நான்கு போல்ட்டுகளையும் நான்தான் முறுக்கினேன். சீக்கிரமே நின்றுவிட்ட மாதிரி கைக்குத் தெரிந்தது. இன்னும் கொஞ்சம் அழுத்தினேன். செயினைத் தளர்த்தியபோது எஞ்சின் அசையாமல் நின்றது. அண்ணன் சிரித்தார்.

மத்தியானம் தாண்டி மெக்கானிக் வந்தார். கையில் காகிதப் பொட்டலம். எஞ்சின் ஸ்டாண்டில் நிற்பதைப் பார்த்ததும் கொட்டகை வாசலிலேயே நின்றுவிட்டார்.

"யாருங்க ஏத்துனது?"

"நாங்கதான்," என்றார் அண்ணன். "பக்கத்துல ஒரு பட்டறையில நீள போல்ட்டு கெடச்சுதுங்க. சரி, நேரம் மிச்சமாவட்டுமேன்னு ஏத்திட்டோம்."

அவர் கிட்டே வந்து போல்ட் தலைகளைத் தொட்டுப் பார்த்தார். முறுக்கிய பிறகு வெளியே தெரிவது தலை மட்டும்தான். எஞ்சினின் முன்முனையைப் பிடித்து அழுத்திப் பார்த்தார். அசையவில்லை. பிறகு அண்ணனை விட்டுவிட்டு என்னைப் பார்த்தார்.

"ஏனுங்க, நீளம் சரியாத்தான் இருந்துதுங்களா?"

"ஆமாங்க," என்றேன்.

அவ்வளவுதான். வேறு யாரும் என்னை அந்தச் சொல்லைச் சொல்ல வைக்கவில்லை. அண்ணன் அப்போது என் பக்கம்கூடப் பார்க்கவில்லை. மெக்கானிக் பொட்டலத்தைப் பிரிக்காமலே ஜன்னலில் வைத்துவிட்டு வேலையைத் தொடங்கினார். அன்று மாலைக்குள் மேல்பாகத்தையெல்லாம் கழற்றிவிட்டார். அவருக்கு டீ கொண்டுவந்து கொடுத்தேன். ஸ்பேனர் எடுத்துக் கொடுத்தேன். சொல்லியிருக்கலாம். ஒவ்வொரு முறை அவர் பக்கத்தில் போனபோதும் சொல்லியிருக்கலாம். எஞ்சின்தான் நிற்கிறதே, இனி எதற்கு என்று தோன்றியது. அன்று இரவு நன்றாகவே தூங்கினேன்.

மறுநாள் காலையில், அடிப்பக்கத்தைக் கழற்ற எஞ்சினைத் தலைகீழாகத் திருப்ப வேண்டும் என்றார். "தள்ளி நில்லுங்க ரெண்டு பேரும்," என்று எங்களை ஒதுக்கினார். பின்னை உருவினார். நீளக் குழாய் ஒன்றைக் கைப்பிடியாகப் போட்டு மெல்லத் திருப்பினார். எஞ்சின் பக்கவாட்டில் சாய்ந்தது. ஏதோ துணி கிழிகிற மாதிரி ஒரு சத்தம் கேட்டது. அதற்குப் பிறகு எஞ்சின் தரையில் கிடந்தது. அவருடைய வலது கால் அதன் கீழே இருந்தது.

அவர் கத்தவில்லை. "செயின், செயின்," என்று மட்டும் சொன்னார். நான் செயினை மாட்டி இழுத்தேன். இரண்டு முறை கொக்கி நழுவியது. எஞ்சின் மேலே போனபோது அவர் தன் காலைப் பார்க்கவில்லை. ஸ்டாண்டின் தட்டைத்தான் பார்த்தார். விழுந்த வேகத்தில் தட்டின் ஓரத்தில் வெல்டிங் பிளந்திருந்தது.

"வெல்டிங் உட்டுப்போச்சுங்களா?" என்று கேட்டார்.

"ஆமாங்க, வெல்டிங்தான்," என்றார் அண்ணன். சொல்லிக்கொண்டே அண்ணன் குனிந்து தரையிலிருந்து எதையோ பொறுக்கினார். மரை மழுங்கிப் போன போல்ட்டுகள்.

பக்கத்துத் தோட்டத்துக் காரில் சேலத்துக்குக் கொண்டுபோனோம். கால்விரல் ஐந்தும், முன்பாதத்தில் கொஞ்சமும் எடுத்துவிட்டார்கள். ஆஸ்பத்திரியில் இருந்த நாட்களில் அண்ணன் இரண்டு முறை போய்ப் பார்த்தார். நான் ஒரு முறை போனேன். வார்டு வாசல் வரை போய்விட்டுத் திரும்பிவிட்டேன்.

ஒரு மாதம் கழித்து, எங்கள் ஸ்பேனர் பெட்டியின் அடியில் அண்ணன் போட்டு வைத்திருந்த போல்ட்டுகளை எடுத்துக்கொண்டு திருச்செங்கோட்டுக்குப் பஸ் ஏறினேன். அண்ணனிடம் சொல்லவில்லை.

மெக்கானிக்கின் பட்டறையில் வேலை நடக்கிற அடையாளமே இல்லை. அவர் ஒரு ஸ்டூலில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். சுவரோரமாக வெட்டிப்போட்ட இரும்பு குவிந்திருந்தது. அவருடைய மனைவிதான் சொன்னார்.

"இவரு செஞ்ச ஸ்டாண்டு மூணு மத்த பட்டறைங்கள்ல இருந்துதுங்க. ஆள் உட்டுத் திருப்பிக் கொண்டாந்து, கேஸ் கட்டிங் வெச்சு எல்லாத்தையும் வெட்டிப்புட்டாரு. இன்னொருத்தன் காலு போயிரக் கூடாதுன்னு. வெல்டிங் கம்பியையே தொட மாட்டேங்கறாருங்க. நீங்களாச்சும் சொல்லுங்க."

பையிலிருந்து போல்ட்டுகளை எடுத்து மெக்கானிக் கையில் கொடுத்தேன். அவர் ஒன்றை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். நுனியில் மூன்று மரை மட்டும் மழுங்கிப் போயிருந்தது. மற்ற மரையெல்லாம் புதுசு மாதிரி அப்படியே இருந்தது. நான் எதுவும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

"பழசு," என்றார்.

"ஆமாங்க. பட்டறையில வாங்குனோமுன்னது பொய்யிங்க. முறுக்குனது நான்."

"நான் உங்களத்தானே கேட்டேன்?"

"ஆமாங்க."

அவர் மனைவி என்னையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு புரிந்துகொண்டு உள்ளே போய்விட்டார். உள்ளே ஏதோ பாத்திரம் வேகமாக வைக்கப்படும் சத்தம் கேட்டது. மெக்கானிக் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"ஒரு மாசமா என்ற கையவே பாத்துட்டிருந்தேனுங்க," என்றார். "எந்த எடத்துல தப்பு உட்டேன், எந்த எடத்துல தப்பு உட்டேன்னு. இத விழுந்த அன்னிக்கே சொல்லியிருந்தா காலு மட்டுந்தான் போயிருக்கும்." போல்ட்டுகளைக் கைக்குள் மூடிக்கொண்டு, "போங்க. இங்க நிக்காதீங்க," என்றார்.

போல்ட்டுகளை அவர் திருப்பிக் கொடுக்கவில்லை.

வீட்டுக்கு வந்து அண்ணனிடம் சொன்னேன். "அந்த ஆளு கேட்டாரா? நீயாப் போயி எதுக்குச் சொன்னே?" என்றார். "போயி ஒரு வார்த்த சொல்லிட்டு வாங்க" என்று நான் கேட்டதற்கு எழுந்து காட்டுக்குப் போய்விட்டார். அந்த மாதம் முழுவதும் என்னோடு பேசவில்லை. கடைசிவரை அவர் திருச்செங்கோட்டுப் பட்டறைக்குப் போகவும் இல்லை. எஞ்சினை லாரியில் ஏற்றிச் சேலத்தில் ஒரு பட்டறையில் விட்டோம். அது சரியாகி வந்து பத்து வருடத்துக்கு மேல் ஓடியது. நான்தான் ஓட்டினேன்.

அடுத்த கோடையில் ஒரு வேலையாகத் திருச்செங்கோடு போனபோது மெக்கானிக்கின் பட்டறை இருந்த தெரு வழியாக நடந்தேன். வேண்டுமென்றேதான் நடந்தேன். பட்டறையில் நீல வெளிச்சம் அடித்துக்கொண்டிருந்தது. அவர் வெல்டிங் அடித்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் ஒரு கைத்தடி சாய்த்து வைக்கப்பட்டிருந்தது. புது ஸ்டாண்டு ஒன்றின் கால்கள் தரையில் கிடந்தன. வெளிச்சம் நின்றதும் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு நிமிர்ந்தார். என்னை அடையாளம் தெரிந்தது அவருக்கு. 'வாங்க' என்று சொல்லவில்லை. போகச் சொல்லவும் இல்லை. கண்ணாடியை இறக்கிக்கொண்டு வேலையைத் தொடர்ந்தார். நான் கொஞ்ச நேரம் எதிர்ச்சாரியில் நின்றிருந்துவிட்டு பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தேன்.