அப்படி ஒருத்தி இங்கே இல்லை

என் பேரைச் சொல்லிக் கேட்டவரிடம், அப்படி ஒருத்தி இங்கே இல்லை என்று நானே முதல் தடவை சொன்னபோது கையில் கோணி ஊசி இருந்தது. சொன்ன வேகத்தில் அதை விரலில் ஏற்றிக்கொண்டேன். ரத்தம் சாக்கில் சொட்டியது.

"ஏன் மதினி, இல்லாதவளுக்கு ரத்தம் வருமா?" என்று என் நாத்தனார் சிரித்தாள்.

"சும்மா கிட ஏட்டி" என்றேன். ஆனால் அந்தக் கேள்வி எனக்குள் போய் உட்கார்ந்துகொண்டது. எனக்கு எதுவும் சீக்கிரம் உள்ளே போய் உட்கார்ந்துகொள்ளும்.

மட்டாஞ்சேரி கடைத்தெருவில் ஒரு பழைய பண்டகசாலையின் முன்னறையில் நாங்கள் இருவரும் சாக்குத் தைக்கிறோம். மிளகும் சுக்கும் சுமந்து கிழிந்து வரும் சாக்குகளை உதறி, ஒட்டுப் போட்டு, அடுக்கிக் கொடுப்பது வேலை. தடுப்புக்கு அந்தப் பக்கம் அடுப்பு, கட்டில், சாமி படம். கடையும் அதுதான், வீடும் அதுதான். என் வீட்டுக்காரர் இடப்பள்ளியில் ஒரு ஹோட்டல் அடுக்களையில் வேலை பார்க்கிறார். அங்கேயே தங்கல், வாரத்தில் ஒரு நாள் வருவார். இந்த அறை போனால் எங்களுக்கு இந்த ஊரில் கால் வைக்க வேறு இடமில்லை.

நான் ஏழாவதோடு படிப்பை நிறுத்தியவள். கல்யாணமாகித்தான் இங்கே வந்தேன். மலையாளத்தை எழுத்துக் கூட்டிப் படிப்பேன், அதற்குள் வாசலில் நிற்கிறவர் போய்விடுவார். நாத்தனார் இங்கேயே பிறந்து மலையாளப் பள்ளிக்கூடத்தில் படித்தவள். அவளுக்குத் தமிழ்தான் எழுத்துக் கூட்ட வேண்டும்.

கட்டடத்துச் சொந்தக்காரர் ஒரு சேட்டு. மாடியில் தனியாக இருந்தார். நான் வந்த முதல் வாரமே இறங்கி வந்து ஒரே ஒரு விஷயம்தான் சொல்லிக் கொடுத்தார். கையெழுத்துப் போட்டு வாங்குகிற தபால் எது வந்தாலும், ஆளில்லை என்று சொல்லிவிட வேண்டும். அவருடைய பேருக்கு வந்தாலும் சரி, யாருடைய பேருக்கு வந்தாலும் சரி. இது அவர் ஒருவருடைய புத்தியில்லை, தெருவின் வழக்கமே அதுதான். அந்தக் காகிதத்தைத் தொட்டுவிட்டால் வழக்கு நம் தலைக்கு வந்துவிடும், தொடாதவரைக்கும் அது தபால்காரரின் பைக்குள் அவர் பாரமாகவே கிடக்கும் என்று எல்லாரும் நம்பினோம்.

தபால்காரரும் வழக்கத்தை மதிக்கிறவர். வாசலில் நின்று உறையில் இருக்கும் பேரை உரக்கப் படிப்பார். பிறகு, "அங்ஙன ஒராள் இவிட இல்லல்லோ, சேச்சி?" என்பார். அப்படி ஒருத்தர் இங்கே இல்லைதானே என்று, பதிலைக் கேள்விக்குள்ளேயே வைத்துக் கொடுக்கிற கேள்வி. நான் "ஆளில்ல" என்றதும் உறை மேல் எழுதிக்கொண்டு எதிர்க் கடைக்குச் சாயா குடிக்கப் போவார். மாடியில் சேட்டு இருமுவது தெருவரைக்கும் கேட்கும். நானும் நாத்தனாரும் தபால்காரரும் அது கேட்காத மாதிரி இருப்போம்.

சேட்டு செத்த பிறகும் அவர் பேருக்குத் தபால் வந்தது. அப்போது நான் சொன்னது பொய்யில்லை. அவருடைய பிள்ளைகள் எங்கெங்கோ இருந்தார்கள், கட்டடத்துக்காகச் சண்டை என்று கேள்விப்பட்டோம். ஒரு நாள் தபால்காரர் உறையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மறுபடி உறையைப் பார்த்தார். படித்தது என் பேர். சேட்டின் பிள்ளைகள் தெருவில் யாரிடமோ விசாரித்து எழுதியிருக்க வேண்டும். அவருக்கு என் பேர் தெரியும். ஊரில் அம்மா இறந்த பிறகு அண்ணன் எழுதிய கடிதத்தை என் கையில் கொடுத்ததே அவர்தான். இருந்தாலும் குரலை மாற்றாமல் கேட்டார்.

"அங்ஙன ஒராள் இவிட இல்லல்லோ, சேச்சி?"

உதவி செய்கிறார் என்றுதான் நினைத்தேன். அவரும் அப்படித்தான் நினைத்திருப்பார். நான் இல்லை என்றேன். ஊசி ஏறியது அப்போதுதான்.

வீட்டுக்காரரிடம் போனில் சொன்னேன்.

"வாங்கியிருந்தா என்ன எழுதியிருக்குன்னாவது தெரிஞ்சிருக்கும்ல?"

"வாங்கியிருந்தா கீழ இருக்குற கையெழுத்து நம்மளதுல்லா?"

"அதுவும் சரிதான்" என்றார். அவரும் தொடப் பயப்படுகிறவர்தான், ஆனால் தூங்கிவிடுவார். எனக்கு இரண்டு நாள் சோறு இறங்கவில்லை.

இரண்டாவது தடவை சொல்வது சுலபமாக இருந்தது. அதுதான் எனக்குப் பிடிக்கவில்லை. மூன்றாவது தடவை தபால்காரர் கேட்கவே இல்லை. வாசலுக்கு வந்தார், உறையைத் தொடையில் வைத்து எழுதினார், போனார். கை நீட்டினால் அவர் சட்டையைத் தொடுகிற தூரத்தில் மடியில் சாக்கோடு நான் உட்கார்ந்திருந்தேன். அவர் உள்ளே திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அண்ணே என்கிறதை மலையாளத்தில் "சேட்டா" என்று கூப்பிட வாயெடுத்தேன். மூடிக்கொண்டேன். கூப்பிட்டால், கூப்பிட்டது யார் என்று கேட்பாரே.

அதற்குப் பிறகு ஒரு திங்கட்கிழமை, சாக்குக் கட்டுகளைக் கொடுத்துவிட்டுத் திரும்பும்போது எங்கள் கதவில் ஒரு காகிதம் ஒட்டியிருந்தது. மைதாப் பசை இன்னும் ஈரம். கீழே கோர்ட் முத்திரை. நாத்தனார் படித்து, தமிழில் சொன்னாள். பிள்ளைகளின் வழக்கில் கட்டடத்தை விற்கப் போகிறார்கள். உள்ளே இருப்பவர்களுக்கு மூன்று தடவை தபால் அனுப்பியும் ஆளில்லை என்று திரும்பிவிட்டது. அதனால் அறை காலியாகக் கிடப்பதாகக் கருதப்படுகிறது. இந்த அறையில் யாருக்காவது உரிமை இருந்தால் முப்பது நாளுக்குள் கோர்ட்டில் வந்து சொல்ல வேண்டும். வராவிட்டால் பூட்டை உடைத்து அறையை எடுத்துக்கொள்வார்கள்.

"காலியா கிடக்காம்" என்றாள் நாத்தனார். கதவுக்குள்ளே எட்டிப் பார்த்தாள். உள்ளே எங்கள் அடுப்பில் நான் மூடி வைத்துப்போன குழம்பின் வாசனை வந்துகொண்டிருந்தது.

அந்த வாரம் நடந்தவற்றை நான் வரிசையாகச் சொல்கிறேன். ஒவ்வொன்றுக்கும் காரணம் இருக்கும் என்று நாத்தனார் சொல்வாள். இருக்கலாம்.

செவ்வாய்க்கிழமை மூட்டை தூக்குகிற சுமட்டுக்காரர்கள் கைவண்டியை எங்கள் வாசலுக்குக் குறுக்கே விட்டுவிட்டுப் போனார்கள். இத்தனை வருஷத்தில் ஒருநாளும் செய்ததில்லை. நான் போய்க் கேட்டதற்கு, "அய்யோ சேச்சி, அது அடச்சிட்ட முறியல்லே?" என்று, பூட்டிக் கிடக்கிற அறையென்று நினைத்த மாதிரி தலையைச் சொறிந்தார்கள். கதவு விரியத் திறந்துதான் இருந்தது.

புதன்கிழமை கரண்ட் ரீடிங் எடுக்கிறவர் வந்துபோன சீட்டு படியில் கிடந்தது. கதவு பூட்டியிருந்ததாக அதில் எழுதியிருந்தது. நாங்கள் இருவரும் உள்ளேதான் சாக்கு உதறிக்கொண்டிருந்தோம்.

"தூசியில அந்தாளுக்கு ஒண்ணும் தெரிஞ்சிருக்காது மதினி."

"சத்தமும் கேட்டிருக்காதா?"

அவள் சீட்டை மடித்துச் சாமி படத்துக்குப் பின்னால் செருகினாள்.

வியாழக்கிழமை யூதத் தெருவான ஜூ டவுன் பக்கமிருந்து டூரிஸ்ட்டுகள் வந்தார்கள். ஒரு வெள்ளைக்காரி எங்கள் கதவையும் அதிலிருந்த காகிதத்தையும் போனை அப்படித் திருப்பி இப்படித் திருப்பிப் படமெடுத்தாள். கதவுக்குள் தலையை நீட்டி உள்ளேயும் எடுத்தாள். நான் சாக்கு அடுக்கின் முன்னால் உட்கார்ந்து அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். மனுஷியைப் படமெடுத்தால் ஒரு சிரிப்பாவது சிரிப்பார்கள். அவள் சுவரைப் பார்ப்பது போல என்னைப் பார்த்துவிட்டுப் போனாள். எந்த ஊரிலோ ஒரு போனுக்குள் அந்தப் படம் இருக்கிறது. அதில் நான் இருக்கிறேனா என்று எனக்குத் தெரிய வேண்டும் போல இருந்தது, தெரியக்கூடாது போலவும் இருந்தது.

இதற்கு நடுவில் ஆடுகள். மட்டாஞ்சேரித் தெருவில் ஆடுகள் அதுபாட்டுக்குத் திரியும், சுவரில் பசை ஒட்டினால் போதும், சினிமா போஸ்டரானாலும் மரண அறிவிப்பானாலும் நக்கித் தின்றுவிடும். எங்கள் காகிதத்தின் ஓரத்தையும் ஒன்று தின்ன ஆரம்பித்தது. காகிதம் போனால் நாங்கள் கிழித்ததாகச் சொல்லுவார்களே என்று எனக்கு அடுத்த பயம். குச்சியோடு வாசலில் உட்கார்ந்து ஆட்டை விரட்டினேன். நான் இங்கே இல்லை என்று சொல்கிற காகிதத்துக்கு நானே காவல்.

"இல்லாத ஆளு ஆட்ட விரட்டுதா?" என்றாள் நாத்தனார். பிறகு என் முகத்தைப் பார்த்துச் சிரிப்பை நிறுத்தினாள். "வா மதினி, வக்கீலைப் பார்ப்போம்."

கோர்ட்டில் இலவசமாக உதவி செய்கிற வக்கீலம்மாவிடம் போனோம். பாலக்காட்டுத் தமிழ்க்காரி. எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "அந்த ரூம்ல இருக்கேள்னு உங்க பேர்ல ஏதாவது காயிதம் உண்டோ?" என்று கேட்டார்.

யோசித்தேன். ரேஷன் கார்டும் ஆதாரும் ஊர் விலாசத்தில். கரண்ட் இன்னமும் சேட்டு பேரில். கடைக்குப் போர்டே கிடையாது. பேர் எங்காவது இருந்தால் அதைப் பிடித்துக்கொண்டு யாராவது வருவார்கள் என்று, இத்தனை வருஷமாக எதிலும் என் பேர் ஏறாமல் பார்த்துக்கொண்டவள் நான்தான். வீட்டுக்காரர் ஆதாரை மாற்றலாம் என்றபோதும் நான்தான் வேண்டாம் என்றேன்.

"தபால்காரர் சொல்வாரே" என்றாள் நாத்தனார்.

"அவர் கைப்பட எழுதினதுதானே இங்க இருக்கு? மூணு தடவை ஆளில்லைன்னு எழுதியிருக்கார். அதுவும் இவா சொல்லி." வக்கீலம்மா என் பக்கம் திரும்பினார். "சரி, பயப்படாதேங்கோ. நான் மனு போடறேன். கோர்ட் ஒரு கமிஷனரை அனுப்பும். ரூமை நேர்ல பார்த்து, யார் இருக்கான்னு எழுதிண்டு போவார். அவர் வரச்சே நீங்க இருக்கணும். ஆள் உண்டுன்னு சொல்லணும், பேரைச் சொல்லணும். அவ்வளவுதான். சொல்லிடுவேளோ இல்லியோ?"

"சொல்லிடுவேன்" என்றேன்.

கமிஷனர் அடுத்த வாரம் வெள்ளிக்கிழமை வருவதாகச் செய்தி வந்தது. அன்றைக்குக் காலையிலிருந்து வேலை ஓடவில்லை. ஆளுண்டு, ஆளுண்டு என்று வாய்க்குள் சொல்லிக்கொண்டே தைத்தேன். அன்று மதியம் பள்ளிவாசல் தொழுகைக்காகக் கடைகளை அடைத்தார்கள். சுமட்டுக்காரர்களும் போய்விட்டார்கள். தெரு துடைத்து வைத்தது போலக் கிடந்தது. வெயில் வெள்ளையாக அடித்தது. பின்னால் காயலில் ஒரு படகுகூட ஓடவில்லை. கமிஷனர் இனி சாயங்காலம்தான் வருவார் என்று நாத்தனார் அந்தச் சீட்டோடு கரண்ட் ஆபீசுக்குப் போனாள். நான் சாக்குகளுக்கு நடுவில் தனியாக உட்கார்ந்திருந்தேன். உதறிய தூசி வெளிச்சத்தில் இறங்காமல் நின்றுகொண்டிருந்தது.

அப்போது வாசலில் நிழல் விழுந்தது. திறந்த கதவை யாரோ தட்டினார்கள். வெயிலிலிருந்து வந்தவர், கண்ணுக்கு மேல் கையை வைத்து இருட்டுக்குள் பார்த்தார்.

"இவிட ஆளுண்டோ?"

நான் சொல்ல வேண்டியது ஒரு வார்த்தை. ஒரு வாரமாகச் சொல்லிப் பார்த்த வார்த்தை.

"ஆளில்ல."

சொன்னது என் குரல்தான். ஆனால் என் வாயிலிருந்து வந்தது போல இல்லை. எனக்குப் பின்னால், சாக்கு அடுக்குக்குள்ளிருந்து வந்தது போல இருந்தது. நானே திரும்பிப் பார்த்தேன்.

வாசலில் நின்ற கமிஷனர் ஒரு எட்டுப் பின்னால் போனார். அவரோடு வந்த கோர்ட் ஆமீன் கையிலிருந்த குடை கீழே விழுந்தது. கமிஷனர், அப்படியென்றால் இதைச் சொன்னது யார் என்று மெதுவாகக் கேட்டார்:

"பின்னே இது ஆராணு பறஞ்ஞது?"

எழுந்திருக்க முடியவில்லை. கால் இருக்கிறதா என்று தொட்டுப் பார்த்தேன். இப்போது எழுந்திருக்காவிட்டால் இவர் காலி என்று எழுதிக்கொண்டு போய்விடுவார், நாத்தனார் திரும்பி வரும்போது கதவில் வேறு பூட்டு தொங்கும். அதை நினைத்துத்தான் எழுந்தேன். சாக்குகளைப் பிடித்துப் பிடித்து வெளிச்சத்துக்கு வந்தேன். தலை, புருவம், சேலை எல்லாம் சணல் தூசி. என்னைப் பார்த்து அந்தக் கமிஷனர் (பையன்தான், மீசை இப்போதுதான் வந்திருந்தது) "என்றம்மே!" என்று நெஞ்சில் கை வைத்தார்.

"நான் உண்டு" என்றேன். பேரைச் சொன்னேன். அது போதவில்லை என்று தோன்றி இன்னொரு தடவை சொன்னேன். அப்பா பேரையும் சொன்னேன். அவர் கேட்காமலேயே அடுப்பைக் காட்டினேன், கட்டிலைக் காட்டினேன், குழம்புச் சட்டியைத் திறந்து காட்டினேன். அவர் எழுதிக்கொண்டே இருந்தார். கீழே நான் கையெழுத்துப் போட்டேன். கோர்ட்டுக் காகிதத்தை அன்றைக்குத்தான் முதல் தடவையாகத் தொட்டேன்.

அவர் எழுதிக் கொடுத்ததை வக்கீலம்மா பிறகு எனக்குப் படித்துக் காட்டினார். வெளியே நின்று கூப்பிட்டபோது, ஆளில்லை என்று ஒரு பெண்குரல் உள்ளிருந்து பதில் சொன்னது. சற்று நேரத்தில் ஒரு பெண் வெளியே வந்து, தான் அங்கே வசிப்பதாகச் சொன்னாள்.

"இந்த ஒரு வரிதான் உங்களைக் காப்பாத்தித்து" என்று சிரித்தார். "கேஸுக்காக உக்கார வச்ச ஆளா இருந்தா இப்படிச் சொல்லுமோ? எத்தனை வருஷப் பழக்கம்னு ஜட்ஜுக்கே புரிஞ்சுடுத்து."

வழக்கு முடியும்வரை எங்களை யாரும் வெளியேற்றக் கூடாது என்று உத்தரவானது. வழக்கு எப்போது முடியும் என்று யாருக்கும் தெரியாது. சேட்டு பிள்ளைகளே கிழவர்களாகிவிட்டார்கள். அறை எங்களிடம் இருக்கிறது. கதவில் பசைத் தடம் மட்டும் மிச்சம், அதையும் ஆடுகள் வந்து நக்கிப் பார்க்கின்றன. ஆதாரில் விலாசம் மாற்றியாகிவிட்டது. தபால்காரர் கோர்ட் கவர் கொண்டுவந்தால் என் பேரைப் படித்துவிட்டுப் பழக்கத்தில், "அங்ஙன ஒராள்..." என்று ஆரம்பித்து நாக்கைக் கடித்துக்கொள்வார். நான் எழுந்து வாசலுக்கே போய்க் கையெழுத்துப் போட்டு வாங்குவேன்.

ஒன்று மட்டும் நான் யாரிடமும் சொல்லவில்லை. அந்த வரியில் ஒரு பெண்குரல் என்றும் ஒரு பெண் என்றும் தனித்தனியாக எழுதியிருக்கிறது. இரண்டும் ஒருத்திதான் என்று அந்தப் பையன் எழுதவில்லை. நானே இல்லையென்று சொன்ன அந்த ஒருத்தி, போக இடமில்லாமல், சாக்குகளுக்குப் பின்னாலேயே இருந்துவிட்டாளோ என்று எனக்குப் படுகிறது.

வெளியே போகும்போது கதவைப் பூட்டுவதற்கு முன் உள்ளே ஒரு தடவை பார்த்துக்கொள்வேன். நாத்தனார் முன்னால் நடந்திருப்பாள். "ஆளுண்டோ?" என்று மெதுவாகக் கேட்பேன்.

இதுவரைக்கும் பதில் வரவில்லை. பூட்டிவிட்டு, பூட்டை இழுத்துப் பார்த்துவிட்டுப் போவேன்.