சுவரோரம் நின்ற மூன்று ஹேண்டில்கள்

இடக்கோடியில் முதலாவதாக நின்றது எங்கள் லாரியின் ஹேண்டிலா, எதிர்வீட்டுக்காரருடையதா? எட்டு மாதமாக இதை என்னையே கேட்டுக்கொண்டிருக்கிறேன். ஒரு நாள் எங்களுடையதுதான் என்று உறுதியாகத் தோன்றுகிறது. மறுநாள் எதிர்வீட்டுக்காரருடையதுதான் என்று அதே அளவு உறுதியாகத் தோன்றுகிறது.

எங்கள் ஊர் ஆம்பூர். இங்கே பதனிட்ட தோல்கள் சென்னையில் பெரியமேட்டுக்குப் போகின்றன. என் மாமனார் காலத்தில் மாட்டுவண்டிக்காரர்கள் தோல் கட்டுகளை ரயில் ஸ்டேஷன் வரை கொண்டுபோய்ச் சேர்ப்பார்கள். லோடு ஏற்றுவதற்கு முறை உண்டு. முதலில் வந்தவர் தம் சாட்டையைக் கிடங்குச் சுவரில் சாத்திவிட்டுச் சாப்பிடப் போகலாம். அவர் இடம் அவருக்கே. ஒருவர் மட்டும் இரண்டு சாட்டை வைத்துக்கொண்டு, வண்டி பேரணாம்பட்டில் இருக்கும்போதே ஆம்பூரில் இடம் பிடித்தார் என்று சொல்வார்கள். அந்த ஒருவர் என் மாமனார் என்பதைக் கல்யாணத்துக்குப் பிறகுதான் எனக்குச் சொன்னார்கள்.

யுத்தம் முடிந்து, பட்டாளத்துக்கு வேண்டாத லாரிகள் விலைக்கு வந்தபோது வண்டிக்காரர்களில் சிலர் கம்பெனிக்காரர்கள் ஆனார்கள். ஆம்பூரில் எங்கள் பக்கத்தில் மூன்று கம்பெனிகள். என் கணவருடையது ஒன்று, ஒரு லாரி. எதிர்வீட்டுக்காரருடையது ஒன்று, அதிலும் ஒரு லாரி. மூன்றாவது மாதனூரிலிருந்து வரும் பெரியவருடையது. ஒரு லாரி, பெரும்பாலும் நின்றபடி. மூன்று கதவுகளிலும் ‘மோட்டார் சர்வீஸ்’ என்று எழுதியிருக்கும். பெரியவரின் கதவில் ‘அண்டு கோ’ வேறு உண்டு.

லோடு ஏற்றும் ஷெட் எங்கள் வீட்டுப் பின்கட்டை ஒட்டி இருக்கிறது. தெரு குறுகல், மூன்று லாரிகள் வரிசையாக நிற்க இடமில்லை. அதனால் என்ஜினைச் சுழற்றிக் கிளப்பும் இரும்பு ஹேண்டிலை லோடுக்கு முந்தின சாயங்காலமே கொண்டுவந்து சுவரில் சாத்துவார்கள். முதலில் வந்தவர் இடக்கோடியில், அடுத்தவர் அதற்கு வலப்பக்கத்தில். ஹேண்டில் இல்லாமல் லாரி கிளம்பாது, இரண்டாவது ஹேண்டில் யாரிடமும் கிடையாது. என் மாமனாரின் யுக்திக்கு வழியில்லாமல் போயிற்று.

பட்டணத்தில் ஒரு பெரிய கம்பெனி இருக்கிறது. முதலில் அது துறைமுகச் சரக்கை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தது. பிறகு ராணிப்பேட்டையில் ஒரு லாரிக் கம்பெனியைத் தன்னோடு சேர்த்துக்கொண்டது. அப்புறம் வேலூரில், அப்புறம் வாணியம்பாடியில். முதல் வருஷம் லாரிக் கதவில் பெரிய கம்பெனியின் பெயர் மேலே பெரிதாகவும், ஊர்க் கம்பெனியின் பெயர் கீழே சிறிதாகவும் இருக்கும். மறுமுறை வர்ணம் பூசும்போது கீழ்வரி இருக்காது. கேட்டால் இடம் போதவில்லை என்று வர்ணக்காரர் சொல்வார்.

பங்குனியில் எங்கள் ஊர் முறை வந்தது. அது அன்றுதான் வரும் என்று யாருக்கும் தெரியாது.

அன்று காலை நான் பால் காய்ச்சிக்கொண்டிருந்தேன். பின்பக்கம் இரும்பு விழும் சத்தம் கேட்டது. ஓடிப்போய்ப் பார்த்தால் மூன்று ஹேண்டில்களும் தரையில் கிடந்தன; நடுவில் என் மகள் உட்கார்ந்திருந்தாள். அவளுக்கு அப்போது ஒன்றே முக்கால் வயது. நான் அவள் கால்விரல்களை எண்ணினேன். பத்து இருந்தன. நம்பிக்கை வராமல் இன்னொரு முறை எண்ணினேன். கைவிரல்களையும் எண்ணினேன். அதற்குள் பால் பொங்கும் வாசனை வந்தது. ஹேண்டில்களைத் தூக்கிச் சுவரில் சாத்திவிட்டு உள்ளே ஓடினேன்.

பெரியவரின் ஹேண்டில் மொட்டையாக, துருப்பிடித்து இருக்கும். அதைக் கடைசியில் வைத்தேன். அவர் எப்போதும் கடைசி. மற்ற இரண்டிலும் கைக்கு வலிக்காமலிருக்கத் தோல் வார் சுற்றியிருக்கும். இந்த ஊரில் தோலுக்குப் பஞ்சமில்லை. இரண்டும் ஒரே பழுப்பு.

எட்டு மணிக்குப் பெரிய கம்பெனியின் ஏஜெண்ட் வந்தார். குடையை மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, மூன்று பேரையும் ஷெட்டில் நிற்கவைத்துப் பேசினார். நான் குழந்தையோடு பின்கதவில் நின்றேன்.

“ஊருக்கு ஒரு கிளைதான். மத்தவங்களுக்குக் கிளைக்காரர் குடுக்கற லோடு. யாருக்குன்னு நான் சொன்னா மீதிப் பேர் என்னை வைவீங்க. உங்க முறையில எது முதல் வண்டியோ, அது இன்னிக்குப் பெரியமேடு வரைக்கும் வரட்டும். நானும் கூட வர்றேன். ஒழுங்காப் போய்ச் சேர்ந்தா அவர்தான் கிளை.”

மூவரும் சுவரைப் பார்த்தார்கள். என் கணவர் கொஞ்சம் அதிக நேரம் பார்த்தார். பிறகு எதிர்வீட்டுக்காரரிடம், “உன்னுதுதான் முதல்ல. எடு,” என்றார்.

எதிர்வீட்டுக்காரரின் லாரி பொழுது சாய்வதற்குள் பெரியமேட்டுக்குப் போய்விட்டது. வழியில் ஒரு டயர்கூட வெடிக்கவில்லை. பத்திரம் எழுதும் வரைக்கும் அவர் தற்காலிகக் கிளை ஆனார்.

அன்றே கேட்டேன்: “ஏங்க, நேத்து சாயங்காலம் நீங்கதானே முதல்ல வந்தீங்க?”

“அப்பிடித்தான் நெனச்சேன். சுவத்தைப் பார்த்தா ரெண்டாவது.”

“நெனச்சதைச் சொல்லியிருக்கலாமே?”

“சுவத்துல இருக்கிறதுதான் முறை. அதுல போய் இன்னா சண்டை? வேலூர்ல மத்தியானம் மூடின மருந்துக்கடை தொறக்கிற வரைக்கும் உக்காந்துட்டேன் இல்ல, அதுல லேட்டாயிருக்கும்.”

அந்த இருமல் மருந்தை வாங்கிவரச் சொன்னது நான். குழந்தை ஒரு தடவை இருமியதற்கு. ஆகவே அவர் இரண்டாவதாக வந்திருந்தால் அது மருந்தால். முதலாவதாக வந்திருந்தால் அது நான் ஹேண்டிலை மாற்றி வைத்ததால். எப்படிக் கூட்டினாலும் என்னிடம்தான் வந்து நின்றது. விழுந்த விஷயத்தை அப்போதே சொல்லியிருக்கலாம். சரியான வரிசையில்தான் வைத்தாயா என்று கேட்பார், தெரியாது என்று சொல்ல வேண்டும் என்பதால் சொல்லவில்லை. எட்டாவது வரை படித்திருக்கிறேன். மூன்று பொருளை வரிசையாக வைக்கத் தெரியவில்லை என்று சொல்லக் கூச்சமாக இருந்தது.

அதற்குப் பிறகு எங்கள் லாரிக்கு வாரத்துக்கு ஒரு லோடு வந்தால் உண்டு. என் கணவர் மீதி நாட்களில் அதைத் துடைக்கிறார். எங்கள் லாரி இதுவரை இவ்வளவு சுத்தமாக இருந்ததில்லை.

இதோடு போயிருந்தால் நானும் பேசாமல் இருந்திருப்பேன். போன வாரம் எதிர்வீட்டுக்காரர் ஷெட்டுக்கு வந்து என் கணவரோடு உட்கார்ந்தார்.

“தோஸ்த், தை மாசம் ஏஜெண்ட் வர்றார். பத்திரத்துல கையெழுத்துப் போட்டா கிளை எனக்கே நிரந்தரம். அதான் பேஜாரா இருக்குது.”

“கிளை கெடைக்கிறதுக்கா பேஜாரு?”

“அன்னிக்கு முந்தின சாயங்காலம் நான் ஹேண்டில் வெக்கிறப்ப அங்க ஏற்கெனவே ஒண்ணு இருந்த மாதிரி இருக்குது.”

“மாதிரின்னா?”

“இருட்டிப்போச்சு. ஒண்ணு இருந்திச்சு, அதுக்குப் பக்கத்துல என்னுதை வெச்சேன். காலைல பார்த்தா நான் முதல்ல. லோடு கெடைக்கிற சந்தோசத்துல கேக்காம வுட்டுட்டேன்.” பிறகு நான் நின்ற பின்கதவுப் பக்கம் திரும்பி, “தங்கச்சி, நீங்க யாராச்சும் தொட்டதைப் பார்த்தீங்களா? பார்த்திருந்தா சொல்லுங்க. நானே ஏஜெண்டுகிட்ட சொல்லி இன்னொரு லோடு வெக்கச் சொல்றேன். எனக்குக் கெடச்சதை எடுத்துக்கறேன், உங்களுதை எடுத்துக்கமாட்டேன்,” என்றார்.

குழந்தை இருமினாள். அவளைப் பார்ப்பதுபோல உள்ளே போய்விட்டேன்.

அப்படியானால் முதலில் இருந்தது எங்களுடையதுதான் என்று அன்று முழுவதும் நினைத்துக்கொண்டிருந்தேன். மறுநாள் மாதனூர்ப் பெரியவர் தண்ணீர் கேட்டு வந்தார். சும்மா கேட்பதுபோலக் கேட்டேன்: “பெரியவரே, ஏஜெண்ட் வந்த அன்னிக்கு உங்க ஹேண்டில் எப்ப வெச்சீங்க?”

“அதுக்கு ரெண்டு நாள் முன்னாடியே வெச்சேனே. வண்டிதான் ஸ்டார்ட் ஆவல. ஹேண்டிலாவது வேலை செய்யட்டும்னு வெச்சேன்.” தண்ணீரைக் குடித்து முடித்தார். “அப்புறம் பார்த்தா கடைசில கெடந்திச்சு. கம்பெனிக்காரங்க பெரிய மனுசங்க, அவங்களே எடுத்து ஓரமா வெச்சிருப்பாங்கன்னு வுட்டுட்டேன்.”

எட்டு மாதமாக நான் சந்தேகப்படாமல் இருந்தது ஒரே ஒரு ஹேண்டிலைத்தான்.

வாசகர்களே, தை பிறக்க இன்னும் ஒன்றரை மாதம் இருக்கிறது. ஓடாத லாரிக்கு முறை உண்டா என்பது எனக்குத் தெரியவில்லை. வாயைத் திறந்தால், கிளை எங்களுக்கு வரலாம், எதிர்வீட்டுக்காரரிடமே இருக்கலாம், ‘அண்டு கோ’வுக்கும் போகலாம். திறக்காவிட்டால், ஒரு நேர்மையான மனிதர் தமக்கு உரியதா என்று தெரியாத பத்திரத்தில் கையெழுத்துப் போடுவார், என் கணவர் லாரியைத் துடைத்துக்கொண்டிருப்பார். சொல்வதானால் யாரிடம் முதலில் சொல்வது? என் கணவரிடமா, எதிர்வீட்டுக்காரரிடமா, பெரியவரிடமா? குழந்தை தள்ளிவிட்டாள் என்று சொல்வதா, நான் மாற்றி வைத்தேன் என்று சொல்வதா? இப்படி ஒன்றில் அகப்பட்டு வெளியே வந்தவர்கள் தயவுசெய்து எழுதுங்கள். பத்திரிகை ஆபீசுக்கே எழுதினால் போதும். என் கணவர் பத்திரிகையில் டயர் விளம்பரம் மட்டுமே படிப்பார். வீட்டு விலாசத்துக்கு மட்டும் வேண்டாம். எங்கள் தபால்காரர் கடிதங்களை ஷெட்டில்தான் வைத்துவிட்டுப் போவார், அந்தச் சுவரோரமாகவே.