தேசிக்காய் உருண்ட சனிக்கிழமை

ஸ்டுட்கார்ட்டில் நான் மெக்கானிக்காக இருந்த கராஜில் பழைய பிரெஞ்சுக் கார்கள் வந்தால் என் பொறுப்பு. மற்றவர்கள் கை வைக்கத் தயங்குவார்கள். அவற்றில் ஒரு கம்பெனியின் பெரிய கார்களில் ஸ்பிரிங் இருக்காது. எண்ணெயும் வாயு அடைத்த உருண்டைகளும்தான் காரைத் தாங்கும். சீட்டுக்குப் பக்கத்து லீவரைத் தள்ளினால் கார் தானாக எழும்பும், தானாக இறங்கும். எனக்கு அவற்றில் ஒரு பைத்தியம்.

இரண்டாயிரத்தின் தொடக்க வருடங்களில் ஒரு சனிக்கிழமை, எனக்குத் தெரிந்த தவம் அண்ணையும் அவர் மனைவி ராணி அக்காவும் எங்களிடம் வாங்கிய அப்படியொரு காரை எடுத்துப்போக வந்தார்கள். அவர்களுடைய முதல் கார். அக்கா காருக்குப் பூசை செய்யத் தேங்காய், சந்தனம், நாங்கள் தேசிக்காய் என்னும் எலுமிச்சை எல்லாம் வைத்த தட்டும் கொண்டுவந்திருந்தார்.

"உது எழும்புமாமே? ஒருக்கா காட்டுங்கோ தம்பி," என்றார் அண்ணை.

எஞ்சினை ஸ்டார்ட் பண்ணி லீவரை உயரத்துக்குத் தள்ளினேன். கார் எழும்ப, நானும் புராணம் பாடத் தொடங்கினேன். முன்சில்லு, அதாவது முன்சக்கரம், இழுக்கும் காரை ஆயிரத்துத் தொளாயிரத்து முப்பதுகளிலேயே ஊருக்கெல்லாம் விற்றவர்கள், ஸ்டியரிங்கோடு திரும்பும் ஹெட்லைட் போட்டவர்கள் என்று அளந்துகொண்டே போனேன்.

ஜெர்மன் காரைத் தவிர எதையும் மதிக்காத எங்கள் கராஜ் தலைவரான ஜெர்மன் மாஸ்டர், நாலு இரும்பு ஸ்டாண்டுகளைக் கொண்டுவந்து காருக்குக் கீழே வைத்தார்.

"சாமி காரியத்துக்கை உந்த இரும்பு என்னத்துக்கு? எடுக்கச் சொல்லுங்கோ தம்பி," என்றார் அக்கா.

மாஸ்டருக்குத் தமிழ் விளங்காது. விளங்கினாலும் எடுத்திருக்க மாட்டார்.

சில்லு ஏறி நசுக்கவென்று முன்னால் வைத்த தேசிக்காய் ஒன்று உருண்டு காருக்குக் கீழே போனது. அண்ணை போட்டிருந்த புதுச் சேட்டோடு நிலத்தில் படுத்துக் கையை நீட்டினார். தலையும் உள்ளே போய்விட்டது. அதே நேரம் தட்டை வைக்க இடம் பார்த்த அக்கா, காருக்குள் எட்டி, இடைஞ்சலாக நின்ற லீவரைக் கீழே ஒதுக்கிவிட்டார்.

கார் இறங்கியது. 'டங்' என்று இரும்பில் இரும்பு முட்டியது. கார் ஸ்டாண்டுகளில் நின்றது.

"பிடிச்சிட்டன்!" என்று அண்ணை தேசிக்காயோடு வெளியே வந்தார்.

அக்காவுக்கு அப்போதுதான் விளங்கியது. "ஐயோ, என்ரை முருகா!" என்று அப்படியே நிலத்தில் இருந்துவிட்டார். மாஸ்டர் லீவரைத் திரும்ப மேலே தள்ளிவிட்டுச் சிகரெட் பற்றவைத்தார்.

அந்தக் காரைச் செய்தவர்களின் மூளையை இன்றும் மெச்சுகிறேன். ஆனால் புதிதாக இந்த வேலைக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: கார் எவ்வளவு கெட்டிக்காரக் காராக இருந்தாலும் முதலில் ஸ்டாண்டை வையுங்கள், மெச்சுவதைப் பிறகு பார்க்கலாம்.

அக்கா சந்தனத்தைக் குழைத்து அண்ணைக்குப் பொட்டு வைத்தார், காருக்கு வைத்தார். பிறகு குனிந்து நாலு ஸ்டாண்டுக்கும் வைத்தார். தான் ஓய்வு பெறும்வரை அந்தப் பொட்டுகளைத் துடைக்க மாஸ்டர் யாரையும் விடவில்லை.