அத்தானுக்காக ஒரு பிடி கோதுமை

இந்த நினைவு மலரைக் கொடுக்கும்போதே உங்கள் கையில் ஒரு சிறு தொன்னையும் கொடுத்திருப்போம். அதில் வேகவைத்த கோதுமை இருக்கும். சர்க்கரையும் அக்ரூட் பருப்பும் கலந்திருக்கும். பாயசம் கெட்டியாகிவிட்டதோ என்று யாரும் நினைக்க வேண்டாம். முக்கியமாக, யாரும் வாழ்த்துச் சொல்லிவிட வேண்டாம். எங்கள் வீட்டில் ஒருமுறை அப்படி நடந்துவிட்டது. இதைப் படித்து முடித்துவிட்டுச் சாப்பிடுமாறு கேட்டுக்கொள்கிறேன். ஆறியிருந்தாலும் நன்றாகத்தான் இருக்கும்.

அத்தான் என் அக்காவின் கணவர். பெற்ற பிள்ளைகள்தான் இது போன்ற கட்டுரையை எழுதுவார்கள். அக்காவுக்கும் அத்தானுக்கும் பிள்ளைகள் இல்லை. அத்தானுக்குக் கூடப்பிறந்தவர்களும் இல்லை. அக்கா பேனாவை எடுப்பதும் வைப்பதுமாக இருந்தாள். கடைசியில் பொறுப்பு வாயாடிக் கொழுந்தியாள் தலையில் வந்து விழுந்தது.

அத்தான் பிறந்த ஊர் ருமேனியாவில் இருக்கும் பிரைலா. தன்யூப் ஆற்றங்கரையில் ஒரு பழைய துறைமுகம். தந்தையார் கப்பலில் தானியம் ஏற்றும் கிரேன் ஓட்டியவர். அத்தான் பள்ளியில் படிக்கும்போதே அவர் காலமாகிவிட்டார். தாயார் ஒரு ஆலையில் வேலை பார்த்து மகனை ஆளாக்கினார். மகனோ புத்தகத்தைத் தொடவில்லை, பந்தைத் தொட்டார். ஊர்க் கால்பந்து அணியில் இடது ஓரத்தில் ஓடும் விங்கராகச் சேர்ந்தார். இரண்டாம் பிரிவில் ஆடினார். ஒரு பருவம் முதல் பிரிவிலும் ஆடினார். அந்தப் பருவத்தின் பாதியில் முழங்கால் போயிற்று. கால் சரியானபோது அணியில் இடம் இல்லை. சைப்ரஸில் சில காலம், பிறகு எங்கெங்கோ. கடைசியில் ஒரு ஏஜென்ட் சொல்லிக் கல்கத்தாவுக்கு வந்து சேர்ந்தார்.

விங்கர் என்றால் என்ன வேலை என்று ஒருமுறை கேட்டேன். "நிக்கிறது" என்றார். கோட்டோரமாக, ஆட்டத்தைவிட்டு விலகி, தனியாக நிற்க வேண்டுமாம். அவர் அங்கே நின்றால்தான் எதிராளி ஒருவன் அவரைக் காவல் காக்க அங்கேயே நிற்பான். அதனால் நடுவில் இருப்பவர்களுக்கு இடம் கிடைக்கும். பல நாள் பந்தே வராதாம். அதற்காக நகர்ந்துவிடக் கூடாது. இதை அவர் வருத்தமாகச் சொல்லவில்லை. எனக்குத்தான் கேட்க என்னவோ போலிருந்தது.

கல்கத்தாவின் டாக்குரியாப் பகுதியில் எங்கள் வீட்டின் கீழ்த்தளத்தை அவருடைய கிளப் வாடகைக்கு எடுத்து, வெளிநாட்டு ஆட்டக்காரர்களைத் தங்க வைத்திருந்தது. மேலே நாங்கள்: துறைமுக அலுவலகத்தில் வேலை பார்த்த அப்பா, அம்மா, அக்கா, நான். திருநெல்வேலிச் சைவக் குடும்பம். அத்தான் வந்த நேரம் அவர்களுடைய ஆர்த்தடாக்ஸ் சபையின் நோன்புக் காலம். ஈஸ்டருக்கு முன்னால் பல வாரம் இறைச்சி, மீன், முட்டை, பால் எதுவும் தொட மாட்டார்கள். கல்கத்தாவில் மீனும் வேண்டாம், பாலும் வேண்டாம் என்றால் சமையல்காரர் என்ன செய்வார்? அத்தான் வாழைப்பழத்தையும் பொரியையும் தின்று பயிற்சிக்குப் போய்க்கொண்டிருந்தார். ஒருநாள் காலையில் தோசை வாசனையைப் பிடித்துக்கொண்டு மாடியேறி வந்து, வாசலில் நின்றபடியே தமக்கு எதெல்லாம் ஆகாது என்று விரல்விட்டுச் சொன்னார். அம்மா பூரித்துப்போனாள். "ஏட்டி, இந்த ஊர்ல மீன் வேண்டாம்னு சொல்லுத ஒரு மனுசரையாவது கண்ணால பாத்துட்டேன்!" என்றாள். அன்று முதல் சாம்பாரும் பொரியலும் கீழே இறங்கின.

ஈஸ்டர் அன்று கீழ்த்தளத்திலிருந்து ஆட்டிறைச்சி வாசனை வந்தது. அம்மா சில நாள் சாப்பாடு அனுப்பவில்லை. ஆனால் அதுவரை தூக்குச்சட்டியைக் கொண்டுபோனதும் கொண்டுவந்ததும் அக்கா. அம்மாவின் கோபம் கொஞ்சம் தாமதமாகத்தான் வந்தது என்று மட்டும் சொல்லிவைக்கிறேன்.

அக்கா அவரைத்தான் கட்டிக்கொள்வேன் என்றதும் அப்பா முறைத்தார். "பந்து உதைக்கிறவனுக்கா பிள்ளையக் குடுக்கணும்ங்கீய? கால்ல அடிபட்டா கஞ்சிக்கு வழி?" என்றார். அலிப்பூரில் பதிவுத் திருமணம் நடந்தபோது அப்பா உள்ளே வராமல் வெளியே மரத்தடியில் நின்றார். சாட்சிக் கையெழுத்துக்கு ஓர் ஆள் குறைந்தது. நான் ஓடிப்போய்ச் சொன்னேன். "வேற யாரும் ஆப்பிடலயாக்கும்" என்று முணுமுணுத்துக்கொண்டே வந்து போட்டுவிட்டுப் போனார். அத்தான் மாடிக்கு எங்களுடன் குடிவந்தார்.

அம்மாவைப் பார்த்து அவர் தமிழ் பேசக் கற்றுக்கொண்டார். பிரைலாக்காரர் பேசியது பாளையங்கோட்டைத் தமிழ். அக்கா என்னைத் தங்கச்சி என்று கூப்பிடுவதைக் கேட்டு அவரும் தங்கச்சி என்றார். முறை தப்பு என்று அம்மா எத்தனையோ தடவை சொல்லியும் மாற்றிக்கொள்ளவில்லை.

அடுத்த பருவம் முடியும் சமயம், கிளப் ஒப்பந்தத்தை நீட்டிக்குமா என்ற கேள்வி வந்தது. கிளப்பைவிட எங்கள் அம்மாவுக்குத்தான் அதில் பதற்றம். ஒப்பந்தம் கிடைத்தால் அப்பாவின் வாயை அடைத்துவிடலாம் என்பது அவள் கணக்கு. முடிவு சொல்லும் நாளில் அப்பாவும் அக்காவும் ஒரு கல்யாணத்துக்காகத் திருநெல்வேலி போயிருந்தார்கள். வீட்டில் அம்மாவும் நானும்தான். மதியம் அத்தான் கிளப்பிலிருந்து வந்தார். கையில் ஒரு பை. அதில் கோதுமை, சர்க்கரை, அக்ரூட். நேரே அடுக்களைக்குப் போய்க் கோதுமையைக் கழுவி அடுப்பில் ஏற்றினார்.

அம்மா என்னைப் பார்த்தாள், நான் அம்மாவைப் பார்த்தேன். வெந்த கோதுமையில் சர்க்கரையும் பருப்பும் சேர்த்து ஒரு தட்டில் குவித்து, மேலே பொடித்த சர்க்கரையைத் தூவி, அக்ரூட்டால் ஒரு சிலுவை வைத்தார். அவர் நாட்டுக் கேக்கு இப்படித்தான் போலிருக்கிறது என்றாள் அம்மா. பிறகு நடுவில் ஒரு மெழுகுவர்த்தியை நட்டு ஏற்றினார். அதோடு அம்மாவுக்குச் சந்தேகமே தீர்ந்துவிட்டது. மெழுகுவர்த்தியும் இனிப்பும் சேர்ந்து நாங்கள் பார்த்ததெல்லாம் பிறந்தநாள் வீடுகளில்தான்.

சிறிது நேரம் கண்ணை மூடி நின்றார். பிறகு அதைச் சின்னச் சின்னக் கிண்ணங்களில் போட்டு, "அத்தை, எல்லாருக்கும் குடுக்கணும்" என்றார்.

சொல்லி வாய் மூடவில்லை, அம்மா முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு கிளம்பிவிட்டாள். கீழ்வீடு, எதிர்வீடு, பின்வீடு, மொட்டைமாடி அறையில் இருந்த பையன்கள், ஒருவரையும் விடவில்லை. "மருமகப்பிள்ளைக்கு கான்ட்ராக்ட் கெடச்சிட்டு!" என்று தமிழில் பாதி, வங்காளியில் பாதியாகச் சொல்லிக்கொண்டே கொடுத்தாள். கொஞ்ச நேரத்தில் எங்கள் வீட்டு வாசலில் கூட்டம். எதிர்வீட்டு வங்காளி அண்ணி, எங்கள் எல்லாருக்கும் பௌதி, கிண்ணத்தோடு வந்து, "கூப் பாலோ, ஜாமாய்பாபு! கூப் பாலோ!" என்று அவர் கையைப் பிடித்துக் குலுக்கினாள். ரொம்ப நல்லது, மாப்பிள்ளை என்று அர்த்தம். மாடிப் பையன்கள் அவரைத் தோளில் தூக்கப் பார்த்தார்கள். அத்தான் கதவோரமாக நின்று கைகூப்பினார். வந்தவர்கள் ஒவ்வொருவரிடமும் தம் மொழியில் ஏதோ ஒரு வாக்கியத்தை, ஒரே வாக்கியத்தை, மெதுவாகச் சொன்னார். நன்றி சொல்கிறார் என்று எடுத்துக்கொண்டோம். நானும் இரண்டு கிண்ணம் சாப்பிட்டேன்.

அக்கா ஊரிலிருந்து திரும்பி, அத்தான் அவளிடம் சொன்ன பிறகுதான் விஷயம் தெரிந்தது. அன்று காலை கிளப் அலுவலகத்துக்குப் பிரைலாவிலிருந்து ஒரு தொலைபேசி வந்திருந்தது. அத்தானின் தாயார் இறந்துவிட்டார். அதே அலுவலகத்தில், அதே காலையில், அடுத்த பருவத்துக்கு வேண்டாம் என்றும் சொல்லிவிட்டார்கள். இரண்டையும் வாங்கிக்கொண்டு வரும் வழியில்தான் அவர் கோதுமை வாங்கியிருக்கிறார். அவர்கள் ஊரில் யாராவது இறந்தால் இந்தக் கோதுமையைச் செய்து அக்கம்பக்கத்துக்குக் கொடுப்பார்கள். அதை வாங்கிச் சாப்பிடுகிறவர் இறந்தவருக்காக ஒரு வார்த்தை சொல்ல வேண்டும்: கடவுள் அவரை மன்னிக்கட்டும். எல்லாரும் வாழ்த்துச் சொல்லிக்கொண்டிருக்க, அவர்கள் சொல்ல வேண்டியதை அவரே சொல்லிக்கொண்டு நின்றிருக்கிறார்.

அம்மா அடுக்களைத் தரையில் உட்கார்ந்துவிட்டாள். "ஒரு தாய் செத்ததுக்கு வீடு வீடா ஏறி வாழ்த்து வாங்கிட்டு வந்திருக்கேனே! எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?" என்று அழுதாள். இப்போதே போய் எல்லாரிடமும் சொல்லிவிடுகிறேன் என்று எழுந்தாள். அத்தான் தடுத்தார். "வேண்டாம் அத்தை. நீங்க அவ்வளவு சந்தோசமா இருந்தீய. எனக்கு வாய் வரல. எல்லாரும் சாப்பிட்டாங்கள்லா, அது போதும்" என்றார்.

போதாது என்று எங்களுக்குத் தெரியும். ஆனால் அதன் பிறகு அந்தப் பேச்சை எடுக்க அவர் இடம் கொடுக்கவில்லை.

பிறகு சின்னக் கிளப்புகளில் ஆடினார். அதுவும் இல்லாதபோது ஹவுராப் பக்கம் 'கேப்' ஆடப் போனார். ஒரு ஆட்டத்துக்கு மட்டும் கூலி பேசி ஆட்டக்காரரைக் கூப்பிடுவதற்கு இங்கே அப்படிப் பெயர். தொழிற்சாலைகளுக்கு நடுவே புல்லே இல்லாத மைதானம், சுற்றிலும் கயிறு. முதல் பிரிவில் ஆடிய மனிதர் லாஞ்சில் ஆற்றைக் கடந்து, பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, தனியாகப் போய்த் தனியாக வருவார். கூட ஆடுகிறவர்களின் பெயர்கூட அவருக்குத் தெரியாது. ஒருநாள் அப்பா யாரிடமும் சொல்லாமல் பின்னாலேயே போய்க் கூட்டத்தில் நின்று பார்த்துவிட்டு வந்தார். "பந்து இல்லாதப்பவும் வேல பாக்கிறது இவன் ஒருத்தன்தான்" என்றார். அவர் அத்தானைப் பாராட்டியது அது ஒன்றுதான். அதை அத்தானிடம் சொல்லவில்லை, என்னிடம் சொன்னார். நான் உடனே போய் அத்தானிடம் சொல்லிவிட்டேன். அப்பா காலமானபோது தூக்கியவர்களில் அத்தானும் ஒருவர்.

முழங்கால் முற்றிலும் மறுத்த பிறகு ஏரிக்கரை மைதானத்தில் குழந்தைகளுக்குப் பயிற்சி கொடுத்தார். ஒரே ஒருமுறை அக்காவுடன் பிரைலா போய்த் தாயாரின் கல்லறையைப் பார்த்துவந்தார். "அங்க ஒரு சித்தி மகளத் தவிர எனக்குத் தெரிஞ்சவங்க யாரும் இல்ல, தங்கச்சி. இங்கயும் தமிழ்ச் சங்கத்துல நான் வெள்ளைக்காரன்" என்று சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. கல்யாணம், காதுகுத்து, எங்கே போனாலும் அவர் கதவோரத்து நாற்காலியில்தான் உட்காருவார். உறவுக்காரர்களே, உங்களுக்கும் அது நினைவிருக்கும்.

தாயார் இறந்த நாளில் ஆண்டுதோறும் கோதுமை வேகவைப்பார். ஒருவர் சாப்பிடும் அளவுதான். பால்கனியில் மெழுகுவர்த்தியை ஏற்றிவைத்து, தாமே சாப்பிட்டுக் கிண்ணத்தைக் கழுவிவைத்துவிடுவார். யாருக்கும் கொடுத்ததில்லை. ஒருமுறை அக்கா கேட்டதற்கு, "ஒருதடவை குடுத்தாச்சுல்லா" என்று முடித்துவிட்டாராம்.

சென்ற ஆண்டு நுரையீரலில் நோய் என்று தெரிந்தபோது முற்றிவிட்டிருந்தது. மருத்துவமனை வேண்டாம், பால்கனி போதும் என்றார். ஒரு மாலை நான் பக்கத்தில் இருந்தேன். கீழே பிள்ளைகள் சந்தில் பந்து உதைத்துக்கொண்டிருந்தார்கள். திடீரென்று, "எனக்குக் கோதுமை யாரு செய்வா, தங்கச்சி?" என்றார்.

"நான் செய்யுதேன். இப்ப என்ன அந்தப் பேச்சு?"

"செஞ்சா மட்டும் போதாது. சாப்பிடுதவங்க சொல்லணும். இத்தன வருசமும் எங்கம்மாவுக்கு நான் ஒருத்தன்தான் சொன்னேன். எனக்கு நானே சொல்ல முடியாதுல்லா."

நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். மழைக்காலம் தொடங்கிய வாரத்தில் காலமானார்.

அடக்கத்தன்று தெருவெல்லாம் முழங்கால் தண்ணீர். எந்தச் சபை என்று கேட்காமல் வந்து ஜெபம் செய்த முதிய பாதிரியாருக்கு எங்கள் வணக்கம். பெட்டியைத் தண்ணீரில் சுமந்து வந்த ஏரிக்கரைப் பிள்ளைகளுக்கும், ஹவுராவிலிருந்து விசாரித்துக்கொண்டு வந்த பழைய ஆட்டக்காரர்களுக்கும் நன்றி. அவர் பெயர் தெரியாமல், இடது கால் சாஹேப் என்று கேட்டுக்கேட்டு வீட்டைக் கண்டுபிடித்தார்களாம். கடைசி வாரங்களில் வேளாவேளைக்குக் கஞ்சி அனுப்பிய எதிர்வீட்டு பௌதிக்கு என்ன சொன்னாலும் போதாது. அந்த மழையில் அன்று கோதுமை செய்ய முடியவில்லை. ஆண்டு நிறைவிலும் செய்யலாம் என்று அத்தானின் ஒன்றுவிட்ட தங்கை பிரைலாவிலிருந்து போனில் சொன்னாள், பக்குவத்தையும் சொன்னாள். இன்று அந்த நாள்.

அச்சகத்தைக் காக்க வைத்து இதையும் சேர்த்திருக்கிறேன்: நேற்று வெந்த கோதுமையைக் கிளறியது அம்மாதான். முடியாது என்று சொன்னாலும் கேட்கவில்லை, நாற்காலி போட்டு உட்கார்ந்து கிளறினாள். "மன்னிக்கட்டும் மன்னிக்கட்டும்னு சொல்லச் சொல்லுதியளே, மன்னிக்கிற அளவுக்கு அவுக என்ன தப்பு பண்ணினாக?" என்று கேட்டாள். அக்கா அக்ரூட் உடைத்துக்கொண்டிருந்தவள், "ஈஸ்டருக்கு ஆடு தின்னாகள்லா, அதுக்கு" என்றாள். இந்த ஒரு வருடத்தில் அவள் சிரித்து நான் பார்த்தது நேற்றுத்தான். சிரித்து முடிப்பதற்குள் அழுதுவிட்டாள்.

இனி நீங்கள் சாப்பிடலாம். தமிழிலோ வங்காளியிலோ உங்களுக்கு எது வருமோ அதில் சொல்லுங்கள். கொஞ்சம் சத்தமாகச் சொல்லுங்கள். கதவோரத்து நாற்காலியில் இன்று அக்கா உட்கார்ந்திருக்கிறாள், அவள் காதில் விழ வேண்டும்.

கடவுள் அவரை மன்னிக்கட்டும்.